பொருள் காக்கும் மெட்டு

நைஜீரியாவின் தென்கிழக்குப் பகுதியில் வாழும் இக்போ மக்களின் மொழியில் 'அக்வா' என்னும் சொல் அழுகை, துணி, முட்டை, கட்டில் எனப் பல பொருள்களைத் தரும். எழுத்து ஒன்றே, அசைகளை உயர்த்தியும் தாழ்த்தியும் ஒலிக்கும் முறையே பொருளை வேறுபடுத்துகிறது. இத்தகைய மொழிகளைத் 'தொனி மொழிகள்' என்பர். எனவே இக்போ நாட்டுப்பாடல்களின் மெட்டு, பேச்சின் ஏற்ற இறக்கத்தைத் தழுவியே பெரும்பாலும் அமைகிறது.

மெட்டு மாறினால்

1857இல் ஒனிட்சா நகரில் கிறித்தவச் சமயப்பணி தொடங்கியது. வழிபாட்டுப் பாடல்கள் இக்போ மொழியில் பெயர்க்கப்பட்டன. ஆயினும் ஐரோப்பிய மெட்டுகள் அப்படியே இருந்தன. சொல் உயரவேண்டிய இடத்தில் மெட்டு தாழ்ந்தது. பாடலின் பொருள் திரிந்தது.

மேலை இசையின் பல்குரல் அமைப்பு மற்றொரு சிக்கலை உருவாக்கியது. அதில் ஒரு குரல் மேலேறும்போது மற்றொன்று கீழிறங்குவது சிறப்பாகக் கருதப்படும். ஆனால், இரு குரல்களும் ஒரே இக்போ சொல்லைப் பாடினால், அவற்றுள் ஒன்று பிழையான பொருளைத் தந்துவிடும். இசையமைப்பாளரும் ஆய்வாளருமான லாசரஸ் எக்வுவேமே, மொழியின் தொனிக்கும் இசைக்கும் உள்ள இத்தொடர்பை ஆராய்ந்தார். குரல்கள் இணையாக ஏறி இறங்குதல், ஒருவர் பாடக் குழுவினர் மறுமொழியாகப் பாடுதல் ஆகிய நாட்டுப்புற மரபுகள் இச்சிக்கலுக்குத் தீர்வாயின.

பியானோவில் முழவொலி

கருவி இசையிலும் இவ்விணைவு நிகழ்ந்தது. லண்டனில் மேலை இசை பயின்ற ஜோஷுவா உசோய்க்வே (1946–2005), சுருதி சேர்த்த முழவுகளை வரிசையாக வைத்து வாசிக்கும் 'உகோம்' கலையை இஸ்ரேல் அன்யாகுரு என்னும் ஊர்க் கலைஞரிடம் அறிந்துகொண்டார். 'பேசும் முழவுகள்' என்னும் பொருள்படும் தம் பியானோப் படைப்பில் அக்கலையின் இயல்பைக் கொண்டுவந்தார். இடக்கை ஒரு தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப இசைக்க, வலக்கை அதன்மேல் புதுப்புது ஒலிக்கோலங்களைப் பின்னுகிறது. சுருதியும் தாளமும் ஒருங்கே தரும் பியானோ, இங்கு முழவுகளின் வரிசையாகவே மாறிவிடுகிறது.

நாட்டுப்புற மெட்டொன்றை எடுத்து மேலைக் கருவியில் வாசிப்பது எளிது. அம்மெட்டு எந்த விதியால் உருவாயிற்று என்பதை உணர்ந்து, அவ்விதியைப் புதிய வடிவத்திலும் காப்பதே அரிது. அவ்வாறு காக்கப்படும்போதுதான் இக்போ பாடலைக் கேட்கும் இக்போ மக்களுக்கு அதன் சொல்லும் பொருளும் சிதையாமல் சென்றுசேர்கின்றன.