எழுத்தைச் சித்திரமாகக் காணுதல்

தமிழில் நூலையும் எழுதுகிறோம்; ஓவியத்தையும் எழுதுகிறோம்; கண்ணுக்கு மையும் எழுதுகிறோம். கோடு இழுக்கும் கை ஒன்றே ஆதலின் மூன்றுக்கும் ஒரே சொல் அமைந்தது போலும். எழுத்துக்கும் ஓவியத்துக்கும் உள்ள இவ்வுறவைத் தம் படைப்புகளில் புதுப்பித்தவர் கே. சி. எஸ். பணிக்கர். அவர் கையாண்ட முறையைத் தமிழகத்துக்கு அப்பால் வாழும் நம் குழந்தைகளின் வகுப்பறையில் எங்ஙனம் பயன்படுத்தலாம் என்பதை ஈண்டுக் காண்போம்.

1911இல் கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர், தந்தி இலாகாவில் பணியாற்றிய பின்னரே சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1957இல் அப்பள்ளியின் முதல்வரானார். 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம் தோன்ற முன்னின்று உழைத்தார், 1977இல் மறைந்தார். 1963இல் அவர் தொடங்கிய ஓவிய வரிசைக்குச் 'சொற்களும் குறியீடுகளும்' என்று பெயர். அதற்குத் தூண்டுகோலாக அமைந்தது, வணிகவியல் மாணவர் ஒருவரின் குறிப்பேட்டில் அவர் கண்ட ஒரு பக்கமே. எண்கள், எழுத்துகள், கட்டங்கள், வடிவ கணிதக் கோடுகள் ஆகியவற்றின் பொருளை விடுத்துத் தோற்றத்தை மட்டும் அவர் நோக்கினார். பின்னர் ஜாதகக் கட்டங்களும், எழுத்தைப் போன்ற நெருங்கிய வரிகளும் அவர் ஓவியங்களில் நிரம்பின. அவ்வரிகளைப் படிக்க வேண்டுவதில்லை, பார்த்தாலே போதும்.

இம்முறை யாருக்குப் பயன்படும்? மாரிகுப்பத்தை எண்ணிப் பாருங்கள். பங்காருப்பேட்டையிலிருந்து 1894இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதையின் கடைசி நிலையம் அது. கோலார் தங்கச் சுரங்க வேலைக்கென வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து வந்த தமிழர், அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் பலர் நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறிச் சென்று பிழைக்கின்றனர். வீட்டில் வழங்குவது தமிழ்; பல குழந்தைகள் பள்ளியில் கற்பதோ கன்னடமும் ஆங்கிலமும். தடையின்றித் தமிழ் பேசும் குழந்தை, ஊரிலிருந்து வந்த திருமண அழைப்பிதழைப் படிக்க இயலாமல் பாட்டியிடம் நீட்டுகிறது. மும்பையிலும் தில்லியிலும் வாழும் நேயர்களுக்கும் இந்நிலை புதிதன்று. இத்தகைய குழந்தைக்குத் தமிழ் எழுத்து முதலில் அச்சத்தையே தருகிறது. படிக்கத் தெரியாத எழுத்தையும் கண்ணாரக் கண்டு மகிழலாம் என்று பணிக்கர் காட்டிய வழி அவ்வச்சத்தைப் போக்கக் கூடியது.

மூன்று வகுப்புகள் போதும். முதல் வகுப்பில், கட்டமிட்ட நோட்டுத் தாளில் ஆறிய தேயிலைச் சாற்றைப் பூசி உலர்த்துக. இரண்டாவது வகுப்புக்குக் குழந்தைகள் தம் வீட்டிலும் தெருவிலும் கண்ட குறிகளைத் திரட்டி வரட்டும்: வாசற்கோலம், நாட்காட்டித் தாள், ரயில் சீட்டு, அழைப்பிதழ், கன்னடமும் இந்தியும் ஆங்கிலமும் தாங்கிய நிலையப் பெயர்ப்பலகை. அவற்றின் வடிவங்களைப் பென்சிலால் வரைந்து பழகட்டும். கன்னட எழுத்துகள் பலவற்றின் தலையில் 'தலெகட்டு' எனும் சிறு கொடுக்கு இருப்பதையும், தமிழில் ட, ப ஆகியவை நேர்கோட்டாலும் மூலையாலும் அமைந்திருப்பதையும் ஆசிரியர் சுட்டிக் காட்டலாம். இரண்டும் பிராமி என்னும் ஒரே தாயின் வழிவந்தவை என்று அறியும் குழந்தை, பள்ளி எழுத்தும் வீட்டு மொழியின் எழுத்தும் பகையல்ல என்று உணரும்.

மூன்றாம் வகுப்பில், 'ழ' போன்றதோர் எழுத்தைத் தாளில் பெரிதாக வரைந்து, அதைச் சூழச் சிறு வரிகளையும் எண்களையும் புள்ளிகளையும் மையால் நிரப்புக. எங்கே நெருக்கம் வேண்டும், எங்கே வெற்றிடம் வேண்டும் என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும். பணிக்கரின் படத்தைப் பார்த்து அப்படியே வரையச் சொல்லலாகாது. அவர் பார்த்த விதத்தையே கற்பிக்க வேண்டும்.

நிறத்துக்கு மஞ்சளும் அடுப்புக்கரியும் காவிக்கல்லும் உதவும். ஆனால் தங்கவயலில் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பொன்னைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய கல்மாவு குவிந்த சயனைடு மேடுகளின் மண்ணைக் குழந்தைகள் எக்காரணம் கொண்டும் எடுக்கலாகாது. அது காண மெல்லிய மணலாகத் தோன்றினும் நச்சுப் பொருள்கள் கலந்தது.

இவ்வோவியப் பாடம் எழுத்துப் பாடத்துக்கு மாற்றாகாது. பணிக்கர் தம் வரிகளைப் படிக்க வேண்டாமென விட்டார். நாமோ குழந்தை படிக்க வேண்டுமென விரும்புகிறோம். ஆகவே ஆசிரியர் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். ஓர் எழுத்தின் வளைவைப் பலமுறை வரைந்த குழந்தை, "இதை எப்படிச் சொல்வது?" என்று கேட்கும் தருணத்தில் அதன் ஒலியைச் சொல்லித் தரலாம். தமிழ்ச் சங்கங்கள் நடத்தும் ஞாயிறு வகுப்புகளில் அரிச்சுவடியைத் திறப்பதற்கு முன் இம்மூன்று பாடங்களையும் நடத்திப் பார்த்தல் நலம். செலவு சில தாள்களும் சிறிது மையுமே.