நூடுல்ஸ் பிரசாதம், ஆளில்லாக் கோயில்

கொல்கத்தாவின் சீனர்களுக்குக் கோயில்தான் ஊர். அந்த ஊர் இப்போது காலியாகிக்கொண்டிருக்கிறது.

கொல்கத்தாவின் டாங்ரா பகுதியில் ஒரு காளி கோயில். காளி பூஜை அன்று சங்கு ஊதுகிறது, ஊதுபத்தி புகைகிறது. பிரசாதம்தான் வித்தியாசம்: நூடுல்ஸ், சாப்சுயி. மரத்தடிக் கற்களாக இருந்த காளி, நோயுற்ற சீனச் சிறுவன் ஒருவனைக் காப்பாற்றினாள் என்பது இந்தக் கோயிலின் கதை. கும்பிடுபவர்களில் பௌத்தர்களும் உண்டு, கிறிஸ்தவர்களும் உண்டு. சீனர்கள் இதில் முரண்பாடு எதையும் பார்ப்பதில்லை. குடியேறிய மண்ணின் தெய்வத்தை விரோதித்துக்கொள்வானேன்?

இது முதல் குடியேறியின் காலத்திலிருந்தே தொடரும் கதை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்று ஹூக்ளிக் கரையில் சர்க்கரை ஆலை வைத்தவர் டோங் அச்சு. அவர் பெயரால் அந்த இடம் அச்சிப்பூர் ஆனது. சீனப் புத்தாண்டையொட்டிச் சீனக் குடும்பங்கள் இன்றும் அங்குள்ள கோயிலுக்கு யாத்திரை போகின்றன. அதே வளாகத்தில் சுந்தரவனத்துப் புலித் தெய்வம் தட்சிண ராய்க்கும் சன்னதி உண்டு.

நகரின் டிரெட்டி பஜாரில் உள்ள சீனக் கோயில்களின் பெயரைக் கேட்டால் குழப்பம் வரும். எல்லாமே 'சர்ச்'. 1905இல் கட்டப்பட்ட சீ இப் சர்ச்சில் இருப்பது கருணைத் தெய்வம் குவான் யின். டூங் ஆன் சர்ச்சில் போர்த் தெய்வம் குவான் யூ. 'சீ இப்' என்றால் நான்கு மாவட்டங்கள். குவாங்டாங் மாகாணத்தின் அந்தப் பகுதியிலிருந்து வந்தவர்களுக்கு அந்தக் கோயில்தான் சங்கம், பஞ்சாயத்து, ஆதரவு எல்லாம்.

1962 போர் அந்தப் பாதுகாப்பைக் குலைத்தது. நாடெங்கிலுமிருந்து சுமார் 3,000 சீன வம்சாவளியினர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். திரும்பியபோது பலரது வீடும் கடையும் கைமாறியிருந்தன. 1996இல் தோல் தொழிற்சாலைகளை நகருக்கு வெளியே மாற்றும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஹக்கா சீனர்களின் பிழைப்பும் ஆட்டம் கண்டது. டொரான்டோ அழைத்தது, இளைஞர்கள் போனார்கள். ஒரு காலத்தில் 20,000 பேர் இருந்ததாகச் சொல்லப்படும் சமூகத்தில் இன்று மிஞ்சியிருப்பது சில ஆயிரம் பேர்தான்.

கோயில் கட்டடங்களைச் சங்கங்கள் பராமரித்துவிடும். ஆனால் சீன வழக்கப்படி ஏப்ரலில் முன்னோர் கல்லறையைப் பெருக்கிச் சுத்தம் செய்து படையல் வைக்க வேண்டும். அதற்குச் சங்கம் போதாது. பேரன் வர வேண்டும்.