பிரியாணிக்குக் கத்திரிக்காய் எதற்கு?

போன வருஷம் பெங்களூரில் என் வீட்டுக்கு அலுவலக நண்பர்கள் எட்டுப் பேர் சாப்பிட வந்தார்கள். மேல்விஷாரத்துக்காரன் வீடு, அதனால் பிரியாணிதான் என்று அவர்களே முடிவு பண்ணிவிட்டார்கள். எனக்கும் பயமில்லை. என் மாமு பண்டாரி. கல்யாண வீடுகளில் தேக்சா தேக்சாவாக ஆக்கியவர். அவர் இறந்து மூணு வருஷம் ஆகிறது, ஆனால் அவருடைய அளவு நோட்டு என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்து ஒரு கிலோ சீரகச் சம்பா, ஒன்றேகால் கிலோ ஆட்டுக்கறி என்று ஒரு கிராம் பிசகாமல் செய்தேன்.

அரிசி உடையவில்லை, கறி பஞ்சு மாதிரி வெந்திருந்தது, வாசனை கீழ்வீடு வரைக்கும் போனது. ஆனால் எல்லாரும் அரைத் தட்டிலேயே நின்றுவிட்டார்கள். "நல்லா இருக்குப்பா, கொஞ்சம் ஹெவியா இருக்கு" என்றார்கள்.

ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அம்மா கேட்ட முதல் கேள்வி: "கூட என்ன வெச்ச?"

வெங்காயப் பச்சடியும் சிக்கன் 65-ம் வைத்தேன் என்றேன்.

"கட்டா வெக்கலியா? அப்புறம் ஹெவியா இல்லாம என்னடா இருக்கும்?"

நோட்டை மறுபடியும் எடுத்தேன். பிரியாணிக்கு மட்டும் பதினோரு பக்கம். அரிசி, கறி, மிளகாய், எண்ணெய், விறகு எல்லாவற்றுக்கும் கணக்கு. கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: "கட்டா - அளவா." அவ்வளவுதான். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்த வலி தெரியும். முக்கியமான நிரலுக்கு நூறு பக்கம் ஆவணம் இருக்கும், அது எதை நம்பி ஓடுகிறதோ அதற்கு ஒரு வரிகூட இருக்காது.

அந்த ஒரு வரியை விரித்து எழுதும் முயற்சிதான் இந்தப் பதிவு.

கட்டா என்றால்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ஆற்காடு என்று பாலாற்றை ஒட்டிய எங்கள் தோல் பட்டையில் பிரியாணி வந்தால் கத்திரிக்காய் கூட வரும். உருதுவில் கட்டா என்றால் புளிப்பு. வதக்கிய கத்திரிக்காயைப் புளி, வேர்க்கடலை, எள் அரைத்த குழம்பில் போட்டு எண்ணெய் மேலே வரும்வரை சுண்டவைப்பது. கத்திரிக்காய்த் தொக்கு, எண்ணெய்க் கத்திரிக்காய், பச்சடி என்று வீட்டுக்கு வீடு பெயர் மாறும். புளிப்பு மட்டும் மாறாது.

கத்திரிக்காய் இந்தப் பக்கத்துக்குப் புதுசு இல்லை. வேலூர் மாவட்டம் இலவம்பாடியின் முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பில் முள் இருக்கும், கவனமில்லாமல் எடுத்தால் விரலில் ஏறும். இந்தக் காயில் செய்த கட்டாவைச் சாப்பிட்டவர்கள் மற்ற கத்திரிக்காயைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார்கள். எங்கம்மா உட்பட.

சரி, பிரியாணிக்குப் பக்கத்தில் ஏன் ஒரு புளிப்பு? எனக்குக் கிடைத்த காரணங்கள் மூன்று.

ஒன்று: கொழுப்பு எப்போது உருகும்

ஆட்டுக் கொழுப்பு 40 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் நன்றாக உருகும். நம் வாயின் சூடு சுமார் 37 டிகிரி. அதாவது பிரியாணி ஆற ஆற, அதிலுள்ள கொழுப்பு வாயிலேயே உறைய ஆரம்பிக்கும். மேல் அண்ணத்தில் மெழுகு தடவின மாதிரி ஒரு பூச்சு வருமே, அதுதான். தட்டின் முதல் பாதி சொர்க்கமாகவும் இரண்டாம் பாதி வேலையாகவும் மாறுவது இதனால்தான்.

புளிப்பு நாக்கில் பட்டதும் உமிழ்நீர் ஊறும். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், நல்ல காட்டமான புளிப்பு. ஊறுகிற உமிழ்நீர் அந்தப் பூச்சைக் கழுவித் தள்ளும். அடுத்த கவளம் மறுபடியும் முதல் கவளம் மாதிரி இருக்கும்.

இரண்டு: துவர்ப்பு

இது எங்க ஊர்க்காரனுக்கு மட்டும் கிடைக்கிற சந்தோஷம். 2012-ல் அமெரிக்காவின் மொனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட குழு ஒன்று ஒரு சோதனை செய்தது. ஆட்களுக்குக் கொழுப்பான இறைச்சி கொடுத்து, நடுநடுவே துவர்ப்பான தேநீர் போன்ற பானங்களைக் கொடுத்தார்கள். வெறும் தண்ணீர் குடித்தவர்களைவிடத் துவர்ப்பு குடித்தவர்களுக்கு வாயில் வழவழப்பு குறைவாகத் தெரிந்தது. கொழுப்பும் துவர்ப்பும் எதிரெதிர் உணர்வுகள், ஒன்று மற்றதை அடக்கும் என்பது அவர்கள் முடிவு.

துவர்ப்பு எப்படி வருகிறது? டேனின் போன்ற பொருட்கள் உமிழ்நீரில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வழவழப்பு போய், நாக்கு இழுத்துப் பிடித்த மாதிரி ஆகிறது.

இப்போது எங்கள் தோல் ஷாப்பை நினைத்துப் பாருங்கள். குரோம் உப்பு வருவதற்கு முன் இங்கே தோலைப் பதனிட்டது ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும்தான். அந்த டேனின் தோலிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், தோல் அழுகாமல் நிற்கும். தொட்டியில் தோலுக்கு நடப்பதும், சாப்பாட்டுக்குப் பிறகு பால் கலக்காத டீ குடிக்கும்போது நாக்கில் நடப்பதும் ஒரே சங்கதியின் இரண்டு முகம். கல்யாண வீட்டில் பிரியாணி முடிந்து ஒரு சுலைமானி வந்தால், அதற்கும் வேலை இருக்கிறது. கத்திரிக்காய்த் தோலிலும் லேசான துவர்ப்பு உண்டு. கட்டாவில் தோலைச் சீவாமல் போடுவதை நான் இனிமேல் சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன்.

மூன்று: காரம்

எங்கள் பக்கத்து பிரியாணிக்குக் காரம் தருவது ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது. மிளகாயின் காரமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால்தான் காரத்துக்குத் தண்ணீர் குடித்தால் அது வாய் முழுக்கப் பரவுகிறது. தயிரிலுள்ள கேசின் புரதம் கேப்சைசினைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். ஆக, வெங்காயப் பச்சடிக்கு வேலை காரத்தோடு, கட்டாவுக்கு வேலை கொழுப்போடு. நான் பச்சடியை மட்டும் வைத்துவிட்டு இரண்டு வேலையையும் அதனிடம் எதிர்பார்த்திருக்கிறேன். போதாததற்குப் பக்கத்தில் 65 வேறு. எண்ணெய்க்குத் துணையாக இன்னும் கொஞ்சம் எண்ணெய்.

இங்கிலாந்தில் ஒரு சொந்தக்காரன்

இதே கேள்வியை மற்ற ஊர்க்காரர்கள் எப்படித் தீர்த்தார்கள் என்று தேடியபோது இங்கிலாந்தின் போர்க் பை கண்ணில் பட்டது. மாவுக்கூட்டுக்குள் பன்றிக்கறி வைத்துச் சுடுவது. மெல்டன் மோபிரே என்ற ஊரின் பை அதில் பிரசித்தம், நம் புவிசார் குறியீடு மாதிரி ஐரோப்பியப் பாதுகாப்பும் வாங்கியது. நாங்கள் சாப்பிடாத பண்டம்தான். ஆனால் படிப்பதற்கு ஹலால் பார்க்க வேண்டியதில்லையே.

அதை அவர்கள் ஆறவைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். ஆறின பிரியாணியை யோசித்துப் பார்த்த எனக்கு இது ஆச்சரியம். காரணம் மறுபடியும் கொழுப்பில் இருக்கிறது. பன்றிக் கொழுப்பு ஆட்டுக் கொழுப்பைவிடக் குறைந்த சூட்டிலேயே, 30-லிருந்து 40 டிகிரிக்குள், இளகிவிடும். ஆறினாலும் வாயில் கரையும். ஆட்டுக்கறிக்கு அந்த வசதி இல்லை, சூடாகத்தான் வர வேண்டும்.

ஆனாலும் துணை இல்லாமல் அவர்களும் சாப்பிடுவதில்லை. கடுகு விழுது, வினிகரில் ஊறிய வெங்காயம், அப்புறம் பிக்கலில்லி என்று மஞ்சள் நிறத்தில் ஒரு காய்கறி ஊறுகாய். இந்தப் பிக்கலில்லியின் கதைதான் எனக்குப் பிடித்தது. ஹன்னா கிளாஸ் என்ற அம்மையாரின் பிரபலமான சமையல் புத்தகத்தில் 1758 வாக்கில் இதன் செய்முறை வருகிறது. தலைப்பிலேயே "இந்திய ஊறுகாய்" என்று போட்டிருக்கிறார். மஞ்சளும் கடுகும் போட்ட நம் ஊறுகாயை நினைத்து அவர்கள் வினிகரில் செய்துகொண்டது. கறியின் கொழுப்புக்கு எதிரே புளிப்பையும் காரத்தையும் நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றியிருக்கிறது, அதற்கு நம் சரக்கையே கேட்டிருக்கிறார்கள்.

நாலு ஞாயிற்றுக்கிழமை

பிறகு செய்துபார்க்க ஆரம்பித்தேன். முதல் ஞாயிறு, கத்திரிக்காயை நேராகப் புளித்தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டேன். அரை மணி நேரம் ஆகியும் தோல் செருப்பு மாதிரி இருந்தது. காரணம் பிறகுதான் படித்தேன். காய்களைக் கெட்டியாக வைத்திருப்பது பெக்டின். அமிலம் பட்டால் அது சீக்கிரம் இளகாது. புளி ஊற்றுவதற்கு முன்பே காய் வெந்திருக்க வேண்டும்.

இரண்டாவது ஞாயிறு குக்கரில் வேகவைத்தேன். கூழாகிவிட்டது. மூன்றாவது வாரம் எண்ணெயில் வதக்கினேன், சரியாக வந்தது. ஆனால் கத்திரிக்காய் ஸ்பாஞ்ச் மாதிரி, ஊற்றிய எண்ணெயையெல்லாம் குடித்துவிட்டது. நாலாவது வாரம் நறுக்கியதை உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு, பிழிந்து துடைத்து வதக்கினேன். எண்ணெய் குறைவாகவே பிடித்தது. காயும் கறுக்கவில்லை.

ஒரு கிலோ அரிசி பிரியாணிக்கு எனக்குச் சரியாக வந்த அளவு இது. கத்திரிக்காய் முக்கால் கிலோ. பெரிய எலுமிச்சை அளவு புளி. வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, வறுத்த எள் இரண்டு ஸ்பூன், இரண்டையும் சேர்த்து அரைத்தது. வெங்காயம் இரண்டு, தக்காளி ஒன்று, இஞ்சி பூண்டு விழுது ஒரு ஸ்பூன். மிளகாய்த்தூள் ஒரு ஸ்பூன் போதும், காரம் பிரியாணியிலேயே இருக்கிறது. மல்லித்தூள் இரண்டு ஸ்பூன், மஞ்சள், உப்பு. காயை வதக்கித் தனியே எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் மற்றதை வதக்கி, புளிக்கரைசலும் அரைத்த விழுதும் ஊற்றி, பச்சை வாசனை போனதும் காயைப் போட்டுச் சிறு தீயில் சுண்டவிட வேண்டும். எண்ணெய் பிரிந்தால் இறக்கலாம்.

எப்படி வைப்பது

கட்டாவைக் காலையிலேயே செய்துவிடுங்கள். மதியத்துக்குள் புளியும் எள்ளும் காய்க்குள் இறங்கிவிடும். வெதுவெதுப்பாக இருந்தால் போதும். பிரியாணி மட்டும் தம் உடைத்தவுடன் சூடாகத் தட்டுக்கு வரட்டும்.

கட்டாவைப் பிரியாணி மேலே ஊற்றாதீர்கள். குழம்புச் சோறு ஆகிவிடும். தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டி, அவ்வளவுதான். மூணு கவளம் வெறும் பிரியாணி, நாலாவது கவளத்துக்கு ஒரு துண்டு கத்திரிக்காய் என்பது என் கணக்கு. பச்சடி தனிக் கிண்ணத்தில், தண்ணியாக இல்லாமல். வேண்டுமானால் ஒரு வேகவைத்த முட்டை. பொரித்த அயிட்டம் எதுவும் வேண்டாம். கடைசியில் பால் இல்லாத டீ.

அதே எட்டு நண்பர்களை மறுபடியும் கூப்பிட்டேன். அரிசி, கறி அதே அளவு. இந்த முறை மாடியில் தேக்சாவைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

போன மாதம் ஊருக்குப் போனபோது அம்மாவுக்கு இதைச் செய்து கொடுத்தேன். ஒரு துண்டு வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. அப்புறம், "புளி கொஞ்சம் முந்திடுச்சு. உன் மாமு கடைசியில ஒரு துண்டு வெல்லம் போடுவான்" என்றார்.

இத்தனை வருஷத்தில் இது எனக்குத் தெரியாது. கேட்டதுமில்லை. மாமு நோட்டின் கடைசிப் பக்கத்தில், அவர் எழுதிய ஒற்றை வரிக்குக் கீழே, என் அளவுகளையெல்லாம் எழுதி, கடைசியாக "வெல்லம் - ஒரு துண்டு" என்றும் சேர்த்தேன். எவ்வளவு பெரிய துண்டு என்று கேட்டதற்கு அம்மா சொன்ன பதில்: "அளவா."

உங்கள் வீட்டில் பிரியாணிக்குப் பக்கத்தில் என்ன வைப்பார்கள்? செய்கிறவர் இருக்கும்போதே ஒரு தடவை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரியாணி அளவு யாரிடமும் கிடைக்கும். இதுதான் கிடைக்காது.