பின்னால் ஓடுகிறவை

2003, 2004 வாக்கில் சித்தூரிலும் திருப்பதியிலும் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பெரும்பாலும் அசெம்பிள்டு பெட்டிதான் வாங்கினார்கள். உதிரிகள் சென்னை ரிச்சி தெருவிலிருந்து பஸ்ஸிலும் ரயிலிலும் வரும். 128 எம்பி ராம், கொஞ்சம் வசதியானவர் என்றால் 256. இன்டெல் 845ஜி அல்லது 865ஜி போர்டு. கிராபிக்ஸ் கார்டு என்று தனியாக ஒன்றும் இராது. போர்டிலேயே இருக்கிற கிராபிக்ஸ், தன் பங்கை அந்த ராமிலிருந்தே பிடித்துக்கொள்ளும். மிச்சத்தில் விண்டோஸ் எக்ஸ்பி, ஆன்டிவைரஸ் இரண்டும் ஓட வேண்டும். டிடிபி கடை என்றால் பேஜ்மேக்கரும் தெலுங்குக்கு அனு ஸ்கிரிப்ட் மேனேஜரும் சேரும். கல்யாணப் பத்திரிகை ஒரு பக்கம் தெலுங்கிலும் மறுபக்கம் தமிழிலும் கேட்கிற ஊர்கள் இவை. ஆகவே தமிழ் எழுத்துக்கு இன்னொரு கீபோர்டு மென்பொருளும் மூலையில் உட்கார்ந்திருக்கும்.

விளைவு, சிஸ்டம் ஸ்லோ. சர்வீஸுக்கு வருகிற பையன் நாற்காலியில் சரியாக உட்காருவதற்கு முன்பே ஸ்டார்ட், ரன், எம்எஸ்கான்ஃபிக் என்று தட்டிவிடுவான். ஸ்டார்ட்அப் பட்டியலில் ஐஜிஎஃப்எக்ஸ்ட்ரே, எச்கேசிஎம்டி, ஐஜிஎஃப்எக்ஸ்பெர்ஸ் என்று மூன்று வரி வரிசையாக நிற்கும். மூன்றும் இன்டெல் டிரைவரோடு கூடவே வந்தவை. "இதெல்லாம் சும்மா ஓடுதுண்ணா, எடுத்துட்டேன்" என்று டிக்கை எடுத்து ரீஸ்டார்ட் போடுவான். திரை வழக்கம்போல வரும். படத்தை வரைவது டிரைவர். இந்த மூன்றும் கடிகாரத்துக்குப் பக்கத்து ஐகானுக்கும், குறுக்குவழி விசைகளுக்கும், செய்துவைத்த அமைப்புகளைக் காப்பதற்கும் மட்டுமே ஆனவை.

அன்றைய கணக்குக்கு அது சரியான வேலைதான். சில எம்பி மிச்சமானாலும் 128 எம்பியில் அது தெரியும். இன்னொரு லாபமும் இருந்தது. பிரவுசிங் சென்டரிலும் கல்லூரி லேபிலும் கன்ட்ரோல், ஆல்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தித் திரையைத் தலைகீழாக்கிவிட்டு நழுவும் பிள்ளைகள் இருந்தார்கள். அந்த வித்தைக்கு விசை கொடுத்தது எச்கேசிஎம்டிதான். அதை நிறுத்திவிட்ட லேபில் மானிட்டர் நேராகவே நின்றது.

ஆனால் ஸ்டூடியோக்காரர்களிடம் இந்தக் கை வைத்தியம் பலிக்கவில்லை. திருமலையில் கல்யாணம் செய்துகொள்ள மூன்று மாநிலத்து ஜனம் வருவதால் திருப்பதியில் ஆல்பம் வேலைக்கு என்றும் குறைவில்லை. அந்தக் காலத்து போட்டோஷாப்போடு அடோபி காமா என்றொன்று வரும். மானிட்டரின் நிறத்தைச் சரிசெய்து வைத்தால், அதன் லோடர் ஒவ்வொரு முறை கம்ப்யூட்டர் எழும்போதும் அந்தத் திருத்தத்தைக் கிராபிக்ஸுக்குள் ஏற்றிவிட்டுப் போகும். அதுவும் அதே ஸ்டார்ட்அப் பட்டியலில்தான் நின்றது. "சும்மா ஓடுது" என்று அதன் டிக்கையும் எடுத்தால் எதுவும் கெட்டுப்போனதாகத் தெரியாது. பிரிண்ட் வந்த பிறகுதான் மணப்பெண்ணின் அரக்குப் புடவை திரையில் ஒன்றாகவும் தாளில் ஒன்றாகவும் இருக்கும். பழி பிரிண்ட் போட்ட லேபின் மீது விழும். கிராபிக்ஸ் விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு அணைப்பதற்கு அன்றும் ஒரு விலை இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அதன்பின் கார்டு தயாரிப்பாளர்களே பட்டியலைப் பெருக்கினார்கள். 2004இல் ஏடிஐ கொண்டுவந்த கேட்டலிஸ்ட் கன்ட்ரோல் சென்டர், டாட்நெட் இல்லாமல் ஓடாது, எழும்போதே இழுக்கும். அதைத் திட்டாத கடைக்காரரே இல்லை. 2008இல் போட்டோஷாப் சிஎஸ்4 கிராபிக்ஸ் கார்டைத் தானே பயன்படுத்தத் தொடங்கியது. 2010இல் பிரீமியர் சிஎஸ்5 என்விடியாவின் கூடா தொழில்நுட்பத்தை எடுத்துக்கொண்டது. விளையாட்டுப் பிள்ளைகளின் பொருளாக இருந்த கார்டு ஸ்டூடியோவுக்கும் வந்தது. 2011 நவம்பரில் ஆந்திர அரசின் மின்சேவைத் திட்டமான மீசேவா திருப்பதியில்தான் தொடங்கியது. அந்தக் கவுன்ட்டர்களுக்குக் கார்டு எதற்கு? பட்டா நகலும் சான்றிதழும் அடிக்கிற இடத்தில் எதை அணைத்தாலும் நஷ்டமில்லை. பின்னால் ஓடுவதை அணைக்கலாமா என்ற ஒரே கேள்விக்கு ஒரே தெருவில் இரண்டு பதில் வர ஆரம்பித்தது அப்போதுதான்.

2016 கேள்வியின் முகத்தையே மாற்றியது. அந்த செப்டம்பரில் வந்த என்விடியாவின் ஜிஃபோர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் 3.0, பெயர் பதிந்து உள்நுழைந்தால்தான் திறப்பேன் என்றது. நவம்பரில், டிரைவரோடு சேர்ந்து தகவல் அனுப்பும் வேலைகளும் டாஸ்க் ஷெட்யூலரில் இறங்குவதை ஆட்கள் கண்டுபிடித்தார்கள். அதுவரை "எவ்வளவு ராம் தின்கிறது" என்று கேட்டவர்கள் "யாருக்கு என்ன அனுப்புகிறது" என்று கேட்டார்கள். என் பார்வையில் இரண்டாவதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 2024 நவம்பரில் ஜிஃபோர்ஸ் எக்ஸ்பீரியன்ஸுக்குப் பதிலாக வந்த என்விடியா ஆப், உள்நுழைவுக் கட்டாயத்தைக் கைவிட்டது. ஆனால் வந்த அடுத்த மாதமே அதன் கேம் ஃபில்டர் வசதி திறந்திருந்தால் சில விளையாட்டுகள் வேகம் குறைவதாகத் தெரிந்தது. அந்த ஃபில்டரை அணைத்துவிடுங்கள் என்று நிறுவனமே சொல்ல வேண்டியதாயிற்று.

2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டது. சர்வீஸ் பையன்களின் அறிவுரை மட்டும் எக்ஸ்பி காலத்திலேயே நிற்கிறது. எம்எஸ்கான்ஃபிக்குக்குப் பதில் டாஸ்க் மேனேஜர், மற்றபடி அதே "எல்லாத்தையும் எடுத்துடு". 2015இல் தொடங்கிய திருப்பதி ஐஐடியும் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளும் இருக்கிற ஊரில், விடுதி அறைகளில் ஆர்டிஎக்ஸ் லேப்டாப்புகள் புழங்கும் நாளில் அது செல்லாது. என்விடியா டிஸ்ப்ளே கன்டெய்னர் சர்வீஸை நிறுத்தினால் கன்ட்ரோல் பேனல் திறக்க மறுக்கும். ஏஎம்டியில் எக்ஸ்டர்னல் ஈவென்ட்ஸ் சர்வீஸை நிறுத்தினால், மானிட்டரையும் கார்டையும் ஒரே வேகத்தில் இணைக்கும் ஃப்ரீசிங்க் போய்விடும். இவற்றில் மிச்சமாகும் மெமரியும் சொல்லும்படி இல்லை. அணைக்கத் தகுந்தவை வேறு: விளையாட்டின் மேல் மிதக்கும் ஓவர்லே, ஓயாமல் பதிவு செய்துகொண்டிருக்கும் இன்ஸ்டன்ட் ரீப்ளே, எப்போதும் வெப்பத்தையும் வேகத்தையும் காட்டும் கண்காணிப்புக் கருவி. இரட்டை கிராபிக்ஸ் லேப்டாப்பில் பெரிய சிப் தூங்க வேண்டிய நேரத்தில் கண்காணிப்புக் கருவி அதை எழுப்பிவைத்து பேட்டரியைத் தீர்க்கும். இவற்றை அந்தந்த ஆப்பின் அமைப்புகளுக்குள் போய் அணைப்பதே மேல். சர்வீஸ் பட்டியலில் வேரோடு பிடுங்க வேண்டியதில்லை.

லினக்ஸில் என்விடியா கார்டை வைத்துக் கணக்குப் போடும் ஆய்வு மாணவரின் பாடு தலைகீழ். அங்கே பெர்சிஸ்டன்ஸ் டீமன் என்று பின்னால் ஓடும் ஒன்றை வேண்டுமென்றே ஓடவிடுவார்கள். இல்லாவிட்டால் வேலையற்ற நேரத்தில் டிரைவர் கார்டை விட்டுவிடும். அடுத்த கணக்குக்கு முதலிலிருந்து எழுப்ப வேண்டும். வேலரன்ட் ஆடுகிற பையனுக்கு இன்னொரு சிக்கல். அந்த விளையாட்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வேன்கார்டு கிராபிக்ஸைச் சேர்ந்ததே அல்ல, ஆனாலும் கம்ப்யூட்டர் எழும்போதே அது எழுந்தாக வேண்டும். நிறுத்தினால் ரீஸ்டார்ட் செய்யாமல் ஆட முடியாது.

இதற்கிடையில் பழைய கஞ்சத்தனத்துக்கு மறுபடி நியாயம் வந்திருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டதால் 2025 கடைசியில் ராம் விலை எகிறியது. டிசம்பரில் மைக்ரான், க்ரூஷியல் என்ற பெயரில் சாதாரண வாடிக்கையாளருக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே விண்டோஸ் 10க்கான ஆதரவும் முடிந்திருந்தது. 8 ஜிபி லேப்டாப்பில் இன்னொரு 8 போடலாம் என்று நினைத்தவர் தள்ளிப்போட்டுவிட்டு, இருப்பதில் எதை அணைக்கலாம் என்று மறுபடி பார்க்கிறார். அவர் கிராபிக்ஸ் மென்பொருளில் கை வைப்பதற்கு முன் டாஸ்க் மேனேஜரில் மெமரி என்ற தலைப்பை ஒரு தட்டு தட்டிப் பார்க்கட்டும். உச்சியில் நிற்பது பெரும்பாலும் முப்பது தாவல் திறந்துகிடக்கும் குரோம்தான்.