பதற்றத்துக்குப் போடும் மாத்திரை... நிறுத்தலாமா, தொடரலாமா?

ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றுமதி ஆர்டர் முடியவேண்டிய வாரம். நெஞ்சு படபடக்குது, கை நடுங்குது, தூக்கமே இல்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த பத்து மாத்திரையில் சரியாகிவிடுகிறது. அப்புறம் அதே பழைய சீட்டைக் காட்டி இன்னொரு அட்டை, இன்னொரு அட்டை... ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு. இப்போ நிறுத்துவதா, தொடர்வதா?

முதல்ல அட்டையின் பின்பக்கம் என்ன பெயர் இருக்குன்னு பாருங்க. பதில் அதில்தான் இருக்கு.

அல்பிரசோலம், குளோனசெபம், லோராசெபம் என்றிருந்தால் அது பென்சோடயாசெபைன் வகை. ஒரு மணி நேரத்துக்குள் ஆளை அமைதியாக்கும். வம்பே அந்த வேகம்தான். சில வாரங்கள் தினமும் போட்டாலே உடம்பு பழகிவிடும். அதனால்தான் அல்பிரசோலம் 'ஷெட்யூல் ஹெச்1' பட்டியலில் இருக்கிறது. யாருக்கு விற்றோம் என்று மருந்துக்கடையில் தனிப் பதிவேடு வைக்கணும். பழைய சீட்டுக்கே தருகிற கடை உங்களுக்கு நல்லது செய்யலை! தூக்கக் கலக்கத்தோடு தோல் வெட்டும் கிளிக்கிங் மெஷினில் நிற்பது விரலுக்கே ஆபத்து. மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கலாம்.

எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் வேறு ரகம். வேலை செய்யவே 2 முதல் 6 வாரம் ஆகும். குமட்டல், தாம்பத்திய ஆர்வம் குறைவது போன்ற தொல்லைகள் உண்டு. ஆனால், குணமான பிறகும் ஒரு வருஷம் போல தொடரச் சொல்வது வழக்கம்தான். அதை அடிமைத்தனம்னு நினைக்காதீங்க.

ரெண்டையுமே திடீர்னு நிறுத்தக்கூடாது. முதல் வகையை ஒரேயடியாக விட்டால் வலிப்புகூட வரலாம். மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் டாக்டர் குறைப்பார். நிறுத்திய சில நாள்களிலேயே படபடப்பு வந்தால், பெரும்பாலும் அது மருந்து விட்டதன் எதிர்விளைவு. பழைய நோய் திரும்புவது மெதுவாக நடக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் பயந்துபோய் மறுபடி அட்டையைத் தேடுறாங்க.

மாற்று? சிபிடி எனும் பேச்சு சிகிச்சை மாத்திரைக்கு இணையாகவே பலன் தரும். ஆனால், வாரம் ஒருநாள் லீவு போட்டு வேலூர் போய்வந்தால் கூலி போகுமே! அதுக்கு முதல்படியாக 14416. 'டெலி மானஸ்' அரசு உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நேரில் போக, பாகாயத்தில் சி.எம்.சி-யின் மனநல மையம் இருக்கு. தைராய்டு டெஸ்ட்டும் எடுத்துப் பாருங்க. அது அதிகமானாலும் இதே படபடப்புதான். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லணும்.

போகும்போது பழைய அட்டையை மொபைலில் போட்டோ எடுத்துக்கோங்க. அதுவரை டோஸைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.