02/12 என்பது எந்த நாள்? உரைக்கோப்பில் உள்ள தேதியும் நேரமும்

02/12/2015 என்று கரும்பலகையில் எழுதினால் நம் மாணவர்கள் டிசம்பர் 2 என்று படிப்பார்கள். ஓர் அமெரிக்க மாணவர் அதையே பிப்ரவரி 12 என்று படிப்பார். அவரவர் நாட்டு வழக்கப்படி இருவரும் சரி. கணினியோ, அது எந்த நாட்டு அமைப்பில் வைக்கப்பட்டிருக்கிறதோ அந்த நாட்டுக்காரரைப் போலப் படித்துக்கொள்கிறது. நம்மிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

மாணவர் விவரம், தேர்வு மதிப்பெண், உடல்நலப் பரிசோதனை என்று எதை எடுத்தாலும் இன்று ஆசிரியர்களாகிய நம் கைக்குக் கோப்பாகத்தான் வருகிறது. அவற்றில் பெரும்பாலானவை காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட உரைக்கோப்புகள். சிஎஸ்வி என்று சொல்லப்படுபவை. அவற்றை எக்செல், லிப்ரே ஆபீஸ் கால்க், ஆர் போன்ற மென்பொருள்களுக்குள் கொண்டுவரும்போது எண்களும் பெயர்களும் அதிகம் தொல்லை தருவதில்லை. தேதியும் நேரமும்தான் தருகின்றன. அது ஏன், அதை எப்படித் தவிர்ப்பது என்பதை ஒரு கணித ஆசிரியராக இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

உரைக்கோப்புக்குள் தேதி என்று ஒரு பொருளே கிடையாது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். அங்கே இருப்பவை வெறும் எழுத்துகள்: சுழியம், இரண்டு, ஒரு சாய்கோடு, ஒன்று, இரண்டு. அவற்றைத் தேதியாக்குவது மென்பொருள். ஆக்கியபின் அது சேமித்து வைப்பது ஓர் எண்ணை மட்டுமே. எக்செல்லில் 1900 ஜனவரி 1 என்பது 1; அங்கிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் 2015 டிசம்பர் 2 என்பது 42340. அன்று காலை 8.30 மணி என்றால் 42340.354. நாளின் பின்னமே நேரம்! எட்டரையை 24-ஆல் வகுத்தால் கிடைக்கும் தசமம்தான் அது. ஏழாம் வகுப்பிலேயே இதைச் செய்து காட்டலாம்.

தொடக்க நாள் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். ஆர் 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணுகிறது. அதே டிசம்பர் 2 அங்கே 16771. சாஸ், ஸ்டேட்டா இரண்டும் 1960 ஜனவரி 1-லிருந்து எண்ணுகின்றன. எஸ்பிஎஸ்எஸ் இன்னும் பின்னால் போய் 1582 அக்டோபர் 14-லிருந்து நொடிகளை எண்ணுகிறது. அந்த ஆண்டில் அக்டோபர் 4-க்கு அடுத்த நாளை அக்டோபர் 15 என்று அறிவித்துத்தான் இன்றைய கிரிகோரியன் நாட்காட்டி தொடங்கியது. சமூக அறிவியல் ஆசிரியர்கள் இதை விடமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இனி மழைக்கு வருவோம். திருவேற்காட்டில் கூவம் ஊருக்குள்ளேயே ஓடுகிறது. செம்பரம்பாக்கம் ஏரி வெகுதூரத்தில் இல்லை. 2015 வெள்ளத்தைப் பற்றி எங்கள் பகுதியில் எந்த வீட்டில் கேட்டாலும் ஒரு கதை இருக்கும். இப்போது நம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அன்று மிகச் சிறியவர்கள். சிலர் பிறக்கவே இல்லை. அவர்களுக்கு அது பெரியவர்கள் சொல்லக் கேட்ட கதை. அதனால்தான் புள்ளியியல் பாடத்துக்கு அந்த ஆண்டின் நவம்பர், டிசம்பர் மாத மழை அளவை எடுத்துக்கொண்டேன். நாளொன்றுக்கு ஒரு வரி, மொத்தம் 61 வரிகள்.

அந்தக் கோப்பை, அமெரிக்க அமைப்பில் உள்ள ஒரு கணினியில், இரண்டு முறை சொடுக்கித் திறந்து பாருங்கள். நவம்பரில் 12 நாள்கள், டிசம்பரில் 12 நாள்கள், ஆக 24 வரிகளை அது மாதம்-நாள் என்று மாற்றிப் படித்துவிடும். 11/11, 12/12 ஆகிய இரண்டு மட்டும் தற்செயலாகத் தப்பிக்கும். 22 வரிகள் தவறான தேதிக்குப் போய்விடும். மீதி 37 வரிகளில் நாள் 12-க்கு மேல். பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால், அவற்றைத் தேதியாக மாற்றாமல் எழுத்தாகவே விட்டுவிடும். மாதவாரியாகக் கூட்டும்போது அவை எந்த மாதத்திலும் சேராது. நவம்பர் 16-இல் பதிவான கனமழை காணாமல் போகும்.

இப்போது வரைபடம் வரைந்தால் என்ன தெரியும்? ஜனவரி முதல் டிசம்பர் வரை மாதத்துக்கு இரண்டு நாள் மழை. சென்னையை மூழ்கடித்த டிசம்பர் 2-ஆம் தேதிப் பதிவு, அதாவது தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., பிப்ரவரி 12-இல் போய் நிற்கும். இத்தனைக்கும் திரையில் ஒரு பிழைச்செய்தியும் வராது. வரைபடம் பார்க்க அழகாகவே இருக்கும். வெள்ளத்தைக் கண்ணால் கண்ட அம்மா சொன்னது சரியா, கணினி காட்டுவது சரியா என்று ஒரு பிள்ளை கேட்டால், அம்மாவை நம்பு என்பதுதான் அங்கே சரியான விடை. ஆனால் நேரில் பார்த்தவர்கள் யாரும் இல்லாத ஒரு தரவில் இதே பிழை நேர்ந்தால் யார் கண்டுபிடிப்பது?

இதைத் தவிர்க்கும் வழி எளிது. கோப்பை இரண்டு முறை சொடுக்கித் திறக்கவே கூடாது. மென்பொருளைத் திறந்து அதற்குள்ளிருந்து கோப்பை வரவழைக்க வேண்டும். லிப்ரே ஆபீஸ் கால்க்கில் உரைக்கோப்பைத் திறந்தாலே ஒரு முன்னோட்டப் பெட்டி வரும். பலர் அதைப் படிக்காமலே ஓகே கொடுத்துவிடுகிறார்கள். அதில் தேதி உள்ள நெடுவரிசையின் தலைப்பைச் சொடுக்கி, நாள்-மாதம்-ஆண்டு என்னும் வரிசையைத் தேர்ந்தெடுத்தால் போதும். எக்செல்லில் டேட்டா பட்டியிலிருந்து உரைக்கோப்பை வரவழைக்கலாம். பழைய பதிப்புகளில் மூன்றாவது படியில் இதே தேர்வு இருக்கும். புதிய பதிப்புகளில் தரவு வகையைத் தானாகக் கண்டறிய வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு அந்த நெடுவரிசையின் வகையை மாற்றும் இடத்தில் லோக்கேல் என்பதன் கீழ் இங்கிலிஷ், இந்தியா என்று கொடுக்க வேண்டும். ஆர் பயன்படுத்துபவர்கள் எல்லா நெடுவரிசையையும் முதலில் எழுத்தாகவே உள்ளே கொண்டுவந்து, பிறகு தேதிக்கான கட்டளையில் வரிசையைத் தாமே குறிப்பிடுவது நல்லது. வரிசை தவறினால் 12-க்கு மேற்பட்ட நாள்கள் எல்லாம் வெற்றாக, என்ஏ என்று வந்து நிற்கும். எக்செல்லைவிட இந்த வகையில் ஆர் நேர்மையானது என்பது என் கருத்து.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. அரசு அலுவலகக் கடிதங்களில் நாம் 02.12.2015 என்று புள்ளி வைத்து எழுதிப் பழகியவர்கள். புள்ளியிட்ட தேதியை இங்கே எக்செல் பொதுவாகத் தேதியாகவே ஏற்பதில்லை. கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி நின்றால் அது எழுத்து, வலப்பக்கம் ஒட்டி நின்றால் தேதி. இந்த ஒரு பார்வையே பாதிப் பிழைகளைக் காட்டிக்கொடுத்துவிடும். புள்ளிகளை எல்லாம் சாய்கோடாக மாற்றிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் அந்த நொடியே மேலே சொன்ன குளறுபடி தொடங்கிவிடும். எழுத்தாக நிற்பது எவ்வளவோ மேல்.

இதற்கு நேர்மாறாக, தேதியே அல்லாதவற்றைத் தேதியாக்குவதும் நடக்கிறது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் வயதுப் பிரிவு என்ற தலைப்பின் கீழ் 6-8 என்று தட்டியதும் அது ஆகஸ்ட் 6 ஆகவோ ஜூன் 8 ஆகவோ மாறியதைப் பார்த்திருப்பார்கள். இது நமக்கு மட்டுமான தொல்லை அன்று. மார்ச், செப்ட் என்று தொடங்கும் குறியீடுகளைக் கொண்ட மனித மரபணுக்களை எக்செல் ஓயாமல் தேதியாக்கிக்கொண்டிருந்ததால், மரபணுக்களுக்குப் பெயரிடும் பன்னாட்டுக் குழு 2020-இல் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. மென்பொருள் திருந்தும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

நேரத்துக்கு வருவோம். மழைத் தரவில் இன்னொரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. வானிலை ஆய்வுத் துறை மழையை அளப்பது காலை 8.30 மணிக்கு. அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் பெய்த மழை, அளந்த நாளின் பெயரில் பதிவாகும். டிசம்பர் 2 என்று பதிவான அந்த 49 செ.மீ. மழையில் பெரும்பகுதி நம் நினைவில் டிசம்பர் 1-ஆம் தேதி மழை. செய்தித்தாளுக்கும் தரவுக்கும் ஒரு நாள் வேறுபாடு வந்தால் இரண்டில் ஒன்று பொய் என்று மாணவர்கள் முடிவு செய்துவிடக் கூடாது. எட்டரை மணி என்னும் விந்தையான கணக்குக்கும் காரணம் உண்டு. உலகப் பொது நேரத்தில் அது அதிகாலை 3 மணி. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது.

அந்த ஐந்தரை மணியை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2004 டிசம்பர் 26-ஐ எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் நிலநடுக்க விவரங்களை உரைக்கோப்பாக எல்லோருக்கும் தருகிறது. அதில் தேதியும் நேரமும் ஒட்டியே இருக்கும். நடுவில் டி என்ற ஆங்கில எழுத்து, கடைசியில் இசட். அந்த இசட் என்பதன் பொருள், இது உலகப் பொது நேரம் என்பதே. சுமத்ரா நிலநடுக்கம் அதில் 0 மணி 58 நிமிடம் என்று இருக்கும். நம் கடிகாரத்தில் காலை 6.28. ஆழிப்பேரலை சென்னைக் கரையை அடைந்தது காலை சுமார் 9 மணிக்கு. தூரம் ஏறக்குறைய 2,000 கி.மீ. நேரத்தைச் சரிசெய்தால் பயண நேரம் இரண்டரை மணி, வேகம் மணிக்கு 800 கி.மீ. என்று வரும், ஆழ்கடலில் அலை செல்லும் வேகத்துக்கு இது பொருந்துகிறது. சரிசெய்யாமல் 0.58-லிருந்து 9 வரை கழித்தால் எட்டு மணி நேரம், வேகம் வெறும் 250 கி.மீ. எட்டு மணி நேரம் இருந்தும் ஏன் ஒருவரும் எச்சரிக்கவில்லை என்று ஒரு மாணவர் கேட்பார். இல்லாத ஐந்தரை மணி நேரத்துக்கு நாம் விடை தேடிக்கொண்டிருப்போம்.

ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதும் பழக்கத்தை நாம் கைவிட்டே ஆக வேண்டும். ஆர் மென்பொருள் 00 முதல் 68 வரை உள்ள இரண்டிலக்க ஆண்டை 2000-த்திலும், 69 முதல் 99 வரை உள்ளதை 1900-த்திலும் சேர்க்கிறது. பிறந்த ஆண்டு 68 என்று எழுதிய ஆசிரியர் அதன் கணக்கில் 2068-இல்தான் பிறப்பார். 60 வயதில் ஓய்வுபெற 2128 வரை காத்திருக்க வேண்டும்! எக்செல்லுக்கும் ஒரு கோளாறு உண்டு. 1900 பிப்ரவரி 29 என்று கொடுத்தால் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும். 1900 நெட்டாண்டு அன்று. 400-ஆல் வகுபடாத நூற்றாண்டு. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளில் இருந்த பிழையை, அதன் கோப்புகளோடு ஒத்துப்போவதற்காகத் தெரிந்தே தொடர்ந்தார்கள். நெட்டாண்டு விதியை நடத்தும் நாளில் இதைக் காட்டினால் மாணவர்கள் மறக்கமாட்டார்கள்.

நமக்கு மிக நெருக்கமானது பிறந்த தேதி. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவை இணையத்தில் பார்க்கப் பதிவெண்ணோடு பிறந்த தேதியையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகஸ்ட் 5-இல் பிறந்த பிள்ளை எங்கோ ஒரு கோப்பில் மே 8 ஆகியிருந்தால், தேர்வு முடிவு நாளன்று அந்தப் பிள்ளை தன் சரியான தேதியைக் கொடுத்தும் மதிப்பெண் வராமல் கலங்கி நிற்கும். 12-ஆம் தேதிக்குள் பிறந்தவர்களுக்கு மட்டுமே இது நேரும். அதனால் வகுப்பில் சிலருக்கு மட்டும் தவறும், மற்றவர்களுக்குச் சரியாகவே இருக்கும், காரணம் பிடிபடாது.

ஆகவே பெயர்ப்பட்டியலை உள்ளே கொண்டுவந்ததும் நான் செய்யும் முதல் வேலை, பிறந்த தேதியை வரிசைப்படுத்தி மிகப் பழையதையும் மிகப் புதியதையும் பார்ப்பது. ஒன்பதாம் வகுப்பில் 40 வயதுக்காரரோ இன்னும் பிறக்காதவரோ இருந்தால் உடனே தெரிந்துவிடும். அடுத்து, நாளை மட்டும் தனியே பிரித்து எண்ணிப் பார்ப்பேன். போதிய பேர் உள்ள பட்டியலில் 1 முதல் 31 வரை பரவலாக இருக்க வேண்டும். 12-க்கு மேல் ஒன்றுமே இல்லை என்றால் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கிறது. கடைசியாகச் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, 12-ஆம் தேதிக்குள் பிறந்த ஐந்தாறு பேரைக் கையால் ஒப்பிடுவேன். 25-ஆம் தேதி பிறந்தவரை ஒப்பிட்டுப் பயனில்லை; அவர் தேதி தவறவே வாய்ப்பில்லை. வந்த கோப்பைத் தொடாமல் ஒரு படி தனியே வைத்துவிட்டு, வேறு படியில்தான் இவற்றைச் செய்ய வேண்டும். ஒருமுறை தவறாகச் சேமித்துவிட்டால் அசல் எழுத்துகள் திரும்பக் கிடைக்காது.

நாம் அனுப்பும் கோப்பில் தேதியை 2015-12-02 என்று ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் நான்கிலக்க ஆண்டோடு எழுதினால், பெறுபவரின் கணினி எந்த நாட்டு அமைப்பில் இருந்தாலும் குழப்பம் வராது. 1988 முதல் பன்னாட்டுத் தர நிறுவனம் பரிந்துரைக்கும் வடிவம் இதுதான். இதில் இன்னொரு வசதி, வெறும் எழுத்தாக வரிசைப்படுத்தினாலும் நாள்கள் கால வரிசையிலேயே வந்து நிற்கும். எங்கள் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் மாணவர்கள் மழைக்கோப்பை இப்போது இப்படித்தான் தட்டச்சு செய்கிறார்கள். மழையை அளந்த நேரம் காலை 8.30 என்பதையும் கோப்போடு ஒரு தனிக் குறிப்பில் எழுதி வைக்கிறார்கள்.