விளக்கு எரிந்தும் இருட்டு! காரணம் என்ன?

எங்கள் தெருக்கோடியில் ஒரு பாட்டி இட்லிக் கடை வைத்திருக்கிறாள். வயது 70-க்கு மேல்.

ஒரு நாள் இரவு கடையைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டாள். தெருவில் புதிதாக எல்.இ.டி. விளக்குகள் போட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பால் போன்ற வெளிச்சம். எல்லோரும் மெச்சினார்கள்.

அந்த வெளிச்சத்தில்தான் பாட்டி கல் தடுக்கி விழுந்தாள். கை முறிந்தது!

"விளக்குதான் எரியுதே பாட்டி, பார்த்து வரக் கூடாதா?" என்று கேட்டேன்.

"கம்பத்துக்கு அடியிலே பகல் மாதிரி இருக்கு தம்பி. ரெண்டு கம்பத்துக்கு நடுவிலே வந்தா ஒண்ணும் தெரியலே. பழைய மங்கல் விளக்கே தேவலை" என்றாள்.

அன்று இரவு நானும் நடந்து பார்த்தேன். கம்பத்தடியில் பத்திரிகை படிக்கலாம். நடுவில் என் செருப்பே எனக்குத் தெரியவில்லை.

வெளிச்சத்தில் இருந்து சட்டென்று இருட்டுக்கு வந்தால், கண் பழகுவதற்கு நேரம் பிடிக்கும். வயது ஆக ஆக அந்த நேரமும் கூடும். பாட்டியின் மேல் தவறு இல்லை.

தவறு எங்கே? விளக்கின் முகத்தில்!

16 பங்கும் 2 பங்கும்

எல்.இ.டி. என்பது ஒரு சிறு பொட்டு. மிளகு அளவுதான் இருக்கும். நீல ஒளி தரும் எல்.இ.டி.யை உருவாக்கி, வெள்ளை விளக்குக்கு வழி திறந்தவர்கள் அக்காசாகி, அமானோ, நகமுரா என்ற மூவர். மூவரும் ஜப்பானில் பிறந்தவர்கள். 2014-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்கள்.

பழைய குண்டு பல்பு நாலாபுறமும் ஒளி வீசும். எல்.இ.டி. பொட்டு முன்பக்கம் மட்டும்தான் வீசும். அதிலும் நேர் எதிரே அதிகம். பக்கவாட்டில் போகப் போகக் குறைந்துவிடும்.

இதை அப்படியே கம்பத்தில் மாட்டினால் என்ன ஆகும்? சின்னக் கணக்குதான், பயப்பட வேண்டாம்.

கம்பத்தின் உயரம் 24 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பத்துக்குக் கம்பம் 83 அடி. விளக்கில் இருந்து தெருவின் நடுப்பகுதி, கம்பத்தடியைப் போல 2 மடங்கு தூரம். தூரம் 2 மடங்கானால் வெளிச்சம் பாதி ஆவது இல்லை, கால் பங்கு ஆகிவிடும்!

அந்தக் கால் பங்கும் நேராக விழுவது இல்லை. சாய்ந்து விழுகிறது. டார்ச் விளக்கைச் சுவரில் சாய்த்து அடித்துப் பாருங்கள். வட்டம் நீண்டு, வெளிச்சம் மங்கும். அதனால் இன்னொரு பாதி போயிற்று. பொட்டு அந்தப் பக்கம் அனுப்புவதே பாதி ஒளிதான். அதனால் மேலும் ஒரு பாதி போயிற்று.

ஆக, கம்பத்தடியில் 16 பங்கு வெளிச்சம் என்றால், நடுத்தெருவுக்கு வருவது 1 பங்கு. அடுத்த கம்பத்தில் இருந்து 1 பங்கு. மொத்தம் 2 பங்கு!

"பெரிய விளக்காகப் போட்டால் போச்சு" என்பார்கள் சிலர். மின்சாரத்தை 2 மடங்காக ஆக்கினால், நடுவில் 4 பங்கு வரும். ஆனால், அடியில் 32 பங்கு! ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கும். பணம்தான் பாழ்.

வேர்க்கடலை லென்சு

அப்படியானால் என்ன செய்வது? கம்பத்தடியில் கொட்டும் ஒளியை அள்ளி, நடுத்தெருவுக்கு அனுப்ப வேண்டும். அந்த வேலையைச் செய்வது லென்சு.

லென்சால் ஒளியைத் திருப்புவது பழைய வித்தை. பிரான்சு நாட்டு விஞ்ஞானி பிரெனெல் செய்த அடுக்கு லென்சு, 1823-ல் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் ஏறியது. கடலில் சிதறும் ஒளியைக் கற்றையாக அது திரட்டியது. தெருவிளக்கு லென்சு செய்வது இதற்கு நேர் எதிரான வேலை. திரட்டுவது இல்லை, பங்கு போடுவது.

ஒவ்வொரு பொட்டின் மேலும் ஒரு தெளிவான பிளாஸ்டிக் லென்சு உட்கார்ந்திருக்கும். பார்த்தால் வேர்க்கடலை மாதிரியே இருக்கும். இரண்டு பக்கமும் புடைப்பு, நடுவில் பள்ளம். அந்தப் பள்ளத்தில்தான் சூட்சுமம்! நேர் கீழே பாய வந்த கதிர்கள் அங்கே விலகி, இரு பக்கமும் தெரு நெடுகப் போகின்றன.

நம் கணக்குப்படி, அடியில் விழும் வெளிச்சமும் நடுவில் விழும் வெளிச்சமும் சமமாக வேண்டுமானால், நேர் கீழே அனுப்புவதைப் போல 4 மடங்கு ஒளியைச் சாய்வாக அனுப்ப வேண்டும். பொட்டு தானாக அனுப்பியது பாதிதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நிபுணர்கள் இதைப் பாகப் பிரிவினை போலச் செய்கிறார்கள். இந்தக் கதிருக்குத் தெருவில் இந்த இடம், அந்தக் கதிருக்கு அந்த இடம் என்று ஒதுக்குகிறார்கள். அதற்கு ஏற்றபடி லென்சின் வளைவைக் கணக்கிடுகிறார்கள். பிறகு கம்ப்யூட்டரில் லட்சக்கணக்கான கதிர்களை ஓடவிட்டுச் சோதிக்கிறார்கள்.

கணக்கு சரியாக இருந்தும் காரியம் கெடுவது உண்டு. உருக்கிய பிளாஸ்டிக் அச்சில் ஆறும்போது சுருங்கும். வளைவு மாறும். பொட்டு அரை மில்லி மீட்டர் விலகி உட்கார்ந்தாலும் போதும், ஒளி போக வேண்டிய இடத்துக்குப் போகாது.

ஒளியை மிகவும் சாய்த்துவிடவும் கூடாது. வண்டி ஓட்டி வருபவரின் கண்ணில் அடிக்கும்!

லென்சு சும்மா வேலை செய்வது இல்லை. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஒளியைக் கூலியாக எடுத்துக்கொள்ளும். என்னைக் கேட்டால், அது கொள்ளை மலிவு.

மறுபடியும் எங்கள் தெரு

சில மாதங்கள் கழித்து, எங்கள் தெருவில் லென்சு வைத்த விளக்குகளை மாற்றினார்கள். முன்பு ஒவ்வொன்றும் 40 வாட். இப்போது 30 வாட். கம்பத்தடியில் முன்போலப் பளிச்சென்று இல்லை. "மங்கலாகப் போட்டுவிட்டார்கள்" என்று சிலர் குறை சொன்னார்கள். ஆனால், நடுத்தெருவில் கல் தெரிந்தது. பள்ளம் தெரிந்தது.

ஒரே ஒரு கம்பத்தில் மட்டும் கோளாறு. ஒளி தெருவில் நீளாமல் எதிர்வீட்டு ஜன்னலில் அடித்தது. அந்த வீட்டுக் கைக்குழந்தை இரவெல்லாம் தூங்கவில்லை.

மின்சார ஊழியர் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். லென்சுத் தட்டைக் குறுக்காக மாட்டியிருந்தார்கள். நான்கு திருகைக் கழற்றி, தட்டை நேராகத் திருப்பி முடுக்கினார். ஜன்னல் இருண்டது. தெரு தெரிந்தது.

கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தது யார் தெரியுமா? கட்டுப் பிரித்த கையோடு, இட்லிக் கடைப் பாட்டி!